குழல் கேட்பது நீளம்

ஐம்பது மீட்டர் தள்ளி நிற்கும் இலக்கு அட்டையில் ‘பாயிண்ட் டூ-டூ’ ரைஃபிளின் குண்டு போடும் துளை, பஞ்சிங் மெஷினில் குத்தியதுபோல் வட்டமாக இருக்கும். வழக்கமான 40 கிரெயின் குண்டு அப்படித்தான் குத்தும். சத்தம் குறைவாக வேண்டும் என்பவர்களுக்காக 60 கிரெயின் குண்டு பூட்டிய தோட்டாவும் அதே ரைஃபிளுக்கு விற்கிறது. அதைப் போட்டுச் சுட்டுவிட்டு அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தால், ஒரு துளை முட்டை வடிவம், அடுத்தது குண்டின் விலா அப்படியே அச்சாகிப் போன நீள்கிழிசல். குண்டு மூக்கால் குத்தவில்லை, குறுக்கே விழுந்து மோதியிருக்கிறது. சுடுகளத்தில் இதற்கு ‘கீஹோல்’ என்று பெயர். சாவித்துவாரம்தான்.

சுட்டவர் கை நடுங்கவில்லை. துப்பாக்கி பழுதில்லை. குண்டும் ஒழுங்காக வார்க்கப்பட்டதே. அந்தக் குண்டுக்கு அந்தக் குழல் கொடுத்த சுழற்சி போதவில்லை, அவ்வளவுதான். எந்தக் குண்டுக்கு எவ்வளவு சுழற்சி வேண்டும் என்ற இந்தக் கேள்வியோடு துப்பாக்கி செய்பவர்களும் சுடுபவர்களும் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளாக மல்லுக்கட்டியிருக்கிறார்கள். விடை பெரும்பாலும் தெரிந்துவிட்டது. ஆனாலும் கேள்வியைத் தவறாகக் கேட்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. ‘என் குழலுக்கு எத்தனை கிரெயின் குண்டு சரிவரும்?’ என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். குழலோ எடையைக் கேட்பதில்லை. அது கேட்பது நீளம்.

சொற்களை முதலில் பிரித்து வைத்துக்கொள்வோம். பித்தளைக் கூடும் மருந்தும் குண்டும் சேர்ந்தது தோட்டா. பறந்து போவது குண்டு மட்டும். ரைஃபிள் குழலின் உட்சுவரில் திருகாணி மரைபோல வளைந்தோடும் பள்ளங்கள் உண்டு. குண்டு அவற்றில் கவ்விக்கொண்டு சுழன்றபடி வெளியேறும். ஒரு முழுச்சுற்றுக்கு அது எத்தனை அங்குலம் முன்னேற வேண்டும் என்பதே முறுக்கு, ‘ட்விஸ்ட்’. 1:16 என்றால் 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 1:7 என்றால் 7 அங்குலத்துக்கு ஒன்று, அதாவது வேகமான முறுக்கு. எண் சிறுத்தால் சுழற்சி கூடும். எடைக்கு வழங்கும் கிரெயின், கிராமில் பதினைந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. நகைக்கடைக் கணக்கில் சொன்னால் 62 கிரெயின் குண்டு ஏறத்தாழ அரைப் பவுன்.

குண்டு ஏன் சுழல வேண்டும்? கூர்மூக்குக் குண்டில் கனம் எல்லாம் பின்பக்கம் இருக்கிறது. காற்றின் தள்ளுவிசை கூடும் புள்ளி ஈர்ப்பு மையத்துக்கு முன்னால், மூக்குப் பக்கம் விழுகிறது. ஆகவே காற்று ஓயாமல் மூக்கைத் தூக்கிக் குண்டைக் கவிழ்க்கவே பார்க்கிறது. ஆணி முனையில் நிற்கும் பம்பரத்தின் நிலையும் இதுதான். சுற்றாத பம்பரம் உடனே சாயும். மெதுவாகச் சுற்றினால் தலையை ஆட்டும். வேகமாகச் சுற்றினால் அசையாமல் நிற்கும். குண்டு நீளமாக ஆக, காற்று பிடிக்கும் நெம்புகோலும் நீள்கிறது. அதே நேரத்தில் ஒல்லியாகிப்போன உடலில் சுழற்சியைத் தாங்கும் திறன் அதற்கேற்ப வளர்வதில்லை. நெட்டையான பம்பரத்தை நிறுத்தி வைக்க இன்னும் இழுத்துச் சாட்டை வீச வேண்டியிருப்பது இதனால்தான்.

பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில் இந்தத் தலைவலி அநேகமாக இல்லை. அதன் பெல்லட் இடுப்பு சிறுத்து, பின்புறம் பாவாடைபோல் விரிந்திருக்கும். பூப்பந்தின் இறகுபோல அந்தப் பாவாடையே காற்றில் வாலைப் பிடித்து இழுத்து மூக்கை நேராக வைத்துவிடுகிறது. அந்தப் போட்டியில் உலகக் கோப்பைத் தங்கம் வென்ற இளவேனில் வாலறிவன் பிறந்த ஊர் கடலூர். சுழலும் குண்டைப் பற்றி முதன்முதலில் அறிவியலாக எழுதியவரின் உயிர் பிரிந்ததும் அதே கடலூரில்தான்.

அவர் பெஞ்சமின் ராபின்ஸ். 1742-இல் பீரங்கிக் கலையின் புதிய தத்துவங்கள் பற்றி அவர் எழுதிய நூலைக் கணித மேதை ஆய்லரே 1745-இல் ஜெர்மனில் பெயர்த்து விரிவுரை எழுதினார். உருண்டைக் குண்டு ஏன் வழிதவறுகிறது என்று காட்ட, ராபின்ஸ் ஒரு மஸ்கெட் குழலின் வாய்ப்பகுதியை இடப்பக்கம் வளைத்துவிட்டுச் சுட்டார். வழியில் தொங்கவிட்ட மெல்லிய காகிதத் திரைகளில் குண்டு முதலில் இடப்பக்கம் போனது தெரிந்தது. பிறகு அது திரும்பி வலப்பக்கம் வளைந்து போயிருந்தது. குழலின் வளைவில் உரசியதால் ஏற்பட்ட சுழற்சியே அதைத் திருப்பியது. கட்டுப்பாடில்லாத சுழற்சி குண்டைக் கெடுக்கும், போகும் திசையையே அச்சாகக் கொண்ட சுழற்சி அதைக் காக்கும் என்பதை 1747-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் வாசித்த கட்டுரையில் அவர் விளக்கினார். கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் செப்பனிட வந்தவர், 1751-இல் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையில் காய்ச்சலில் இறந்தார். வயது நாற்பத்துநான்குதான்.

ராபின்ஸ் காலத்துக் குண்டு உருண்டை. உருண்டைக்கு முன்னும் இல்லை பின்னும் இல்லை, ஆகவே மெல்லிய முறுக்கே போதும். நீளக்குண்டு வந்த பிறகுதான் சிக்கல் முற்றியது. அதை எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதை வெளிச்சம்போட்டுக் காட்டியது 1857-இல் இங்கிலாந்தின் ஹைத் பயிற்சிக் களத்தில் நடந்த போட்டி. ஒரு பக்கம் 1853 மாதிரி என்ஃபீல்டு ரைஃபிள். கொழுப்புத் தடவிய தோட்டாவின் பெயரால் அதே ஆண்டு மீரட்டில் தீ மூட்டிய துப்பாக்கி அதுதான். மறுபக்கம் மான்செஸ்டர் பொறியாளர் ஜோசப் விட்வொர்த்தின் அறுகோணத் துளை ரைஃபிள்.

இரண்டின் குண்டும் 530 கிரெயின், எடையில் வித்தியாசமே இல்லை. என்ஃபீல்டின் துளை .577 அங்குலம், குண்டு குட்டை, முறுக்கு 1:78. விட்வொர்த்தின் துளை .451 அங்குலம். அதே ஈயத்தை ஒடுங்கிய துளைக்குள் திணித்ததால் குண்டு நீண்டது, முறுக்கும் 1:20 ஆகவேண்டி வந்தது. என்ஃபீல்டு திணறிப்போன தொலைவுகளுக்கு அப்பாலும் விட்வொர்த்தின் குண்டுகள் இலக்கைத் தொட்டன. விலை, அழுக்கு படிவது ஆகிய காரணங்களைச் சொல்லி இராணுவம் அதை ஏற்கவில்லை என்பது வேறு கதை. நம் கேள்விக்கு இந்தப் போட்டி தரும் சாட்சியம் தெளிவானது: எடை ஒன்று, முறுக்கு ஏறக்குறைய நான்கு மடங்கு.

இதற்கு மறுதலையான சாட்சி நம் காவல் நிலையங்களில் பல பத்தாண்டுகள் சங்கிலியில் கட்டிக் கிடந்த ‘த்ரீ நாட் த்ரீ’. அதன் ஆறாம் மார்க் குண்டு மழுங்கிய மூக்குடன் 215 கிரெயின் இருந்தது. 1910-இல் வந்த ஏழாம் மார்க் கூர்மூக்குக் குண்டு 174 கிரெயின்தான். எடை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தும் நீளம் ஏறத்தாழ அப்படியே நின்றது. காரணம், அதன் மூக்குக்குள் ஈயத்துக்குப் பதில் அலுமினியம் வைத்தார்கள், பின்னாளில் மரக்கூழும் வைத்தார்கள். குழலின் 1:10 முறுக்கில் கைவைக்க வேண்டிய தேவையே வரவில்லை.

அப்படியானால் எடை என்ற பேச்சு ஏன் நிலைத்தது? தோட்டாப் பெட்டியில் எடைதான் அச்சாகிறது, நீளம் அச்சாவதில்லை. ஒரே துளை, ஒரே ஈயம், ஒரே வடிவம் என்றிருந்த வரைக்கும் எடை கூடினால் நீளமும் கூடியே தீரும். ஆகவே எடையைச் சொன்னாலே நீளத்தைச் சொன்னதாக ஆயிற்று. இன்று அந்த வசதி போய்விட்டது. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது என்பது சட்டம். ஈயத்தின் அடர்த்தி 11.3, செம்பு 8.9. அதே எடைக்குச் செம்புக் குண்டு நீண்டுதான் ஆகவேண்டும். பல ஆண்டுகளாக ஈயத்தில் ஒழுங்காகச் சுட்ட பழைய குழல், அதே எண் அச்சிட்ட செம்புத் தோட்டாவில் சிதறுவதற்கு இதைத் தவிர வேறு மர்மம் வேண்டியதில்லை.

கணக்கை முதலில் எளிமையாக்கித் தந்தவர் உல்விச்சில் பீரங்கி அதிகாரிகளுக்குக் கணிதம் கற்பித்த ஜார்ஜ் கிரீன்ஹில். ஆண்டு 1879. குண்டின் நீளம் அதன் விட்டத்தைப்போல் எத்தனை மடங்கு என்று பார். 150-ஐ அந்த எண்ணால் வகு. வருவதே ஒரு சுற்றுக்கான தூரம், அதுவும் விட்டத்தின் மடங்கில். நொடிக்கு 2,800 அடிக்கு மேல் வேகமென்றால் 150-க்குப் பதில் 180 போடு. அவ்வளவே. நம் பாயிண்ட் டூ-டூவுக்குப் போட்டுப் பார்த்தேன். ஏறத்தாழ 12 மி.மீ. நீளமுள்ள 40 கிரெயின் குண்டுக்கு 16 அங்குலம் வருகிறது. உலகெங்கும் அந்தத் துளைக்கு வழங்கும் முறுக்கு அதுவே. காகிதமும் பென்சிலும் மட்டும் வைத்துக்கொண்டு, பீரங்கிக் குண்டுகளை மனத்தில் வைத்துப் போட்ட ஒரு விதி இத்தனை காலம் தாக்குப்பிடித்திருப்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை.

கிரீன்ஹில்லின் விதியில் எடைக்கு இடமே இல்லை. அந்தக் குறையைத் தீர்த்தது அமெரிக்க வேதியியலாளர் டான் மில்லர் 2005-இல் வெளியிட்ட சூத்திரம். அது ‘இவ்வளவு முறுக்கு போடு’ என்று மட்டும் சொல்லி நிற்பதில்லை. குண்டு எவ்வளவு உறுதியாக நிற்கும் என்பதற்கு ஓர் எண்ணையும் தருகிறது. ஒன்றுக்குக் கீழே போனால் குண்டு கவிழும். ஒன்றரை இருந்தால் நிம்மதி. இந்த நிலைப்பு எண்ணில் முறுக்கு இருமடியாகச் செயல்படுகிறது, நீளம் ஏறத்தாழ மும்மடியாக. எடை ஒருமடிதான், அதுவும் நாம் நினைத்ததற்கு எதிர்ப்பக்கத்தில். நீளம் மாறாதபோது எடை கூடினால் குண்டு மேலும் உறுதியாகிறது! ‘கனமான குண்டுக்கு வேகமான முறுக்கு’ என்று வழிவழியாக ஒப்பித்து வந்த வாய்ப்பாட்டில் கனம் தனியாக நின்று செய்த குற்றம் எதுவுமில்லை. அது தன்னோடு கூட்டி வந்த நீளத்தின் பழியைச் சுமந்திருக்கிறது.

முறுக்கைத் தவறாகத் தேர்ந்தால் சந்தையில் என்ன நடக்கும் என்பதற்கு 1955 ஒரு பாடம். ஆறு மில்லிமீட்டர் துளையில் அந்த ஆண்டு வின்செஸ்டர் .243 வந்தது, ரெமிங்டன் .244 வந்தது. மருந்துக் கொள்ளளவில் ரெமிங்டன் ஒரு பிடி கூடுதல். ஆனால் சிறு பிராணிகளைச் சுட 75 முதல் 90 கிரெயின் வரை போதும் என்று கணித்து 1:12 முறுக்கில் குழல் செய்தார்கள். வின்செஸ்டர் 1:10 போட்டது, ஆகவே மான் வேட்டைக்காரர்கள் விரும்பிய 100 கிரெயின் கூர்மூக்குக் குண்டு அதில் நின்றது. ஒரே துப்பாக்கியில் இரண்டு வேலையும் முடியும் என்றால் யார்தான் மற்றதை வாங்குவார்கள்? ரெமிங்டன் முறுக்கை 1:9 ஆக்கி, 1963-இல் ‘6 எம்எம் ரெமிங்டன்’ என்று பெயரையும் மாற்றியது. போன பெயர் திரும்பவில்லை. .243 இன்றும் கடைகளில் நிற்கிறது.

இந்தக் கேள்வியின் முழு வரலாற்றையும் ஒரே துப்பாக்கியில் பார்க்க வேண்டுமானால் அது ஏஆர்-15. .224 அங்குலக் குண்டு, 55 கிரெயின், நீளம் 19 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. தொடக்கத்தில் குழலின் முறுக்கு 1:14. மில்லர் சூத்திரத்தில் இதைப் போட்டால் சாதாரண வெப்பநிலையில் நிலைப்பு எண் சரியாக ஒன்றில் வந்து நிற்கிறது, கத்தி முனையில் நிற்பதுபோல. குளிர்காற்று அடர்த்தியானது. பனிப்பிரதேசத்தில் காற்றின் பிடி இறுகும்போது அந்த ஒன்றும் சரியும். அமெரிக்க இராணுவச் சோதனைகளில் நடந்தது இதுவே. கடுங்குளிரில் குண்டுகள் நிலைகுலைந்தன. 1963-இல் முறுக்கு 1:12 ஆனது. அதே சூத்திரத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 54 டிகிரி செல்சியஸ் வைத்துப் பார்த்தால் இப்போது எண் ஒன்றுக்கு ஒரு மயிரிழை மேலே. தேவைக்கு மிஞ்சி ஒரு சுற்றுகூடக் கொடுக்கவில்லை அவர்கள்.

பிறகு 1980-இல் பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் வடிவமைத்த 62 கிரெயின் குண்டை நேட்டோ பொதுவாக ஏற்றது. கூடிய எடை ஏழே கிரெயின். ஆனால் உள்ளே எஃகு முனை வைத்ததால் நீளம் 23 மி.மீ. ஆயிற்று. பழைய 1:12 குழலில் அதன் நிலைப்பு எண் 0.8-ஐச் சுற்றியே வருகிறது. கவிழ்வது உறுதி. 1:9 போதும், ஏறத்தாழ ஒன்றரை கிடைக்கும். அப்படியிருக்க ஏஆர்-15-இன் இராணுவ வடிவமான எம்16ஏ2 ரைஃபிளுக்கு ஏன் 1:7 போட்டார்கள் என்று பலர் குழம்புவதுண்டு. விடை தடம் காட்டும் ட்ரேஸர் குண்டில் இருக்கிறது. எரியும் மருந்து இலேசானது. ஈயக் குண்டு போகும் வழியிலேயே அதுவும் போக வேண்டுமென்றால் அதை நீட்டித்தான் ஆகவேண்டும். சுமார் 29 மி.மீ. நீளமுள்ள அந்த ட்ரேஸர் 64 கிரெயின்தான், சாதாரணக் குண்டைவிட இரண்டே கிரெயின் அதிகம். 1:9-இல் அது நிற்காது, 1:7 வேண்டும். எடை அட்டவணையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இந்த முடிவு பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். இரண்டு குண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி வைத்தால் ஒரு பார்வையில் புரிந்துவிடும்.

இராணுவம் ட்ரேஸருக்காகக் கொடுத்த முறுக்கை விளையாட்டு வீரர்கள் வேறுவிதமாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். 1990-களில் அமெரிக்காவின் கேம்ப் பெர்ரி போட்டிகளில் 1:7, 1:8 குழல்களில் 77, 80 கிரெயின் நீளக்குண்டுகளைப் போட்டு, 600 கஜத்தில் பெரிய எம்14 ரைஃபிளை ஓரங்கட்டினார்கள். 80 கிரெயின் தோட்டா மேகஸினுக்குள் அடங்காத நீளம். ஒவ்வொன்றாகக் கையால் வைத்துச் சுட்டார்கள்.

அப்படியென்றால் எல்லாக் குழலையும் 1:7 ஆக்கிவிட்டால் தீர்ந்ததா? இங்கேதான் கருத்து வேறுபாடு. எந்தக் குண்டும் நூறு சதம் சமச்சீர் இல்லை. செம்பு உறைக்குள் ஈயம் இம்மியளவு ஒருபுறம் ஒதுங்கியிருக்கும். குழலுக்குள் இருக்கும் வரை குழலின் அச்சில் சுழலும் குண்டு, வெளியே வந்ததும் தன் ஈர்ப்பு மையத்தில் சுழலத் தொடங்கும். அந்தக் கணத்தில் கவண்கல்போல் பக்கவாட்டில் சிறு எறிதல் ஒன்று நேர்கிறது. ஈர்ப்பு மையம் ஒரு மி.மீ.யில் நானூறில் ஒரு பங்கு விலகியிருந்தால்கூட, நொடிக்கு 3,000 அடி வேகத்தில் 1:7 முறுக்கு அதை 100 மீட்டரில் ஏறத்தாழ 9 மி.மீ. தள்ளிவிடும். 1:14 என்றால் அதில் பாதிதான். பெஞ்ச்ரெஸ்ட் போட்டியில் ஐந்து குண்டையும் ஒரே துளைக்குள் போடப் பார்ப்பவர்கள் 6 எம்எம் பிபிசி குழலுக்கு 1:13, 1:14 என்று மெல்லிய முறுக்கையே பிடித்துக்கொண்டிருப்பது இதனால். அவர்கள் சுடும் 68 கிரெயின் குட்டைக் குண்டுக்கு அதுவே போதும். 1:7 முறுக்கில் குண்டு நிமிடத்துக்கு 3 லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. உறை மெல்லிய வேட்டைக் குண்டுகள் அந்த வேகத்தைத் தாங்காமல் நடுவானில் சாம்பல்நிறப் புகையாகச் சிதறுவதும் உண்டு.

இந்தப் பக்கத்து நியாயத்தை மதிக்கிறேன். ஆனாலும் நெடுந்தூரம் சுடுபவருக்கு என் தீர்ப்பு மறுபக்கம்தான். இன்றைய போட்டிக் குண்டுகளின் உறை, ராபின்ஸ் அல்ல, நம் தாத்தாக்கள்கூடக் கண்டிராத அளவு சீரானது, ஆகவே மிகுமுறுக்கின் அபராதம் சுருங்கிவிட்டது. குறைமுறுக்கின் அபராதமோ அப்படியே இருக்கிறது. குண்டுப் பறப்பியல் ஆய்வாளர் பிரையன் லிட்ஸ் தம் சோதனைகளில் காட்டியது முக்கியமானது: நிலைப்பு எண் ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் நடுவே இருக்கும் குண்டு கவிழாது, அட்டையில் துளையும் வட்டமாகவே விழும். ஆனால் அது மூக்கைச் சற்று ஆட்டிக்கொண்டே போவதால் காற்றுத்தடை கூடி, பெட்டியில் அச்சிட்ட திறனை எட்டாமல் போகிறது. நூறு மீட்டரில் சுட்டுப் பார்த்துத் திருப்தியடைபவருக்கு இந்த இழப்பு தெரியவே தெரியாது. 1890-களிலேயே ஸ்வீடன் தன் 6.5 எம்எம் ரைஃபிளுக்கு 200 மி.மீ.க்கு ஒரு சுற்று என்று தாராளமாக முறுக்கியது. அந்தக் காலத்து 156 கிரெயின் நீளக்குண்டுக்காகப் போட்ட முறுக்கு, நூறு ஆண்டுக்குப் பிந்திய ஊசிமூக்குக் குண்டுகளையும் தாங்குகிறது.

முறுக்கால் தீராத நோயும் உண்டு. வெகுதூரம் போனால் குண்டின் சுழற்சி தீர்ந்து அது கவிழும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. உண்மை தலைகீழ். முன்னோக்கிய வேகம் குறையும் அளவுக்குச் சுழற்சி குறைவதில்லை, ஆகவே போகப்போக நிலைப்பு எண் ஏறுகிறது. ஆனால் ஒலியின் வேகத்துக்கு இறங்கும் கட்டத்தில் காற்றோட்டமே மாறுகிறது. சியராவின் புகழ்பெற்ற .308 துளை 168 கிரெயின் போட்டிக் குண்டு 300 மீட்டர் போட்டிகளுக்கென்று பிறந்தது. அங்கே அதை மிஞ்ச ஆளில்லை என்ற காலம் இருந்தது. 1,000 கஜத்தை நெருங்கும்போது அதன் சாய்வு கூடிய வால்பகுதி காரணமாக அது தடுமாறுகிறது. குழலை எவ்வளவு முறுக்கினாலும் அது மாறவில்லை. வால் சாய்வைக் குறைத்த 175 கிரெயின் குண்டுதான் வழி திறந்தது.

ஆக, தோட்டா வாங்குமுன் குழலை அளப்பதே முதல் வேலை. குழலில் பொறித்த எண்ணை அப்படியே நம்ப வேண்டியதில்லை, 1:9 என்று பொறித்த குழல் கால் அங்குலம் அங்கே இங்கே இருக்கலாம். துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை இரண்டு முறை பார்த்துக்கொண்டு, கைப்பிடி தானாகச் சுழலும் துப்புரவுக் கம்பியை எடுங்கள். நுனியில் துணியை இறுக்கமாகச் சுற்றி, குழலுக்குள் பெரும்பகுதி தூரம் தள்ளுங்கள். இப்போது குழல் வாய்க்கு நேரே கம்பிமேல் ஒட்டுநாடாவால் சிறு கொடி ஒன்றை நிமிர்த்தி ஒட்டி, அந்த இடத்தில் பேனாவால் கோடு போடுங்கள். கம்பியை மெல்ல, நிறுத்தாமல் இழுத்தால் துணி பள்ளங்களைக் கவ்வ, கொடி கடிகார முள்போல் சாய்ந்து, கீழே தொங்கி, மறுபக்கம் ஏறி மீண்டும் நிமிரும். நிமிர்ந்த இடத்தில் குழல் வாய்க்கு நேரே இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவே உள்ள தூரம்தான் உங்கள் முறுக்கு. மூன்று முறை செய்து நடுவெண்ணை எடுங்கள், துணி வழுக்கினால் ஓர் அளவு பொய் சொல்லும்.

அடுத்து வெர்னியர் அளவியில் குண்டின் நீளம். பிளாஸ்டிக் மூக்கு வைத்த குண்டென்றால் அந்த மூக்குக்கு எடை அநேகமாக இல்லாததால், சூத்திரம் பயமுறுத்தும் அளவுக்கு அது நிலைகுலையாது என்பதைக் கணக்கில் வையுங்கள். முறுக்கையும் நீளத்தையும் மில்லர் சூத்திரத்தில் போட்டு, நிலைப்பு எண் ஒன்றரை வந்தால் வாங்கலாம். மலைமேல் நன்றாகச் சுட்ட தோட்டா கடற்கரைக் குளிரில் ஏமாற்றலாம் என்பதால், ஆண்டிலேயே குளிர்ந்த காலையில் ஐந்து குண்டு சுட்டு அட்டையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு துளையைச் சுற்றியும் குண்டு துடைத்துவிட்டுப் போன கரியவளையம் ஒன்று இருக்கும். அது எல்லாப் பக்கமும் ஒரே தடிமனாக இருந்தால் குண்டு நேராக வந்திருக்கிறது. ஐந்திலும் ஒரே பக்கம் தடித்திருந்தால் அட்டை சாய்ந்து நின்றிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பக்கம் தடித்திருந்தால், இன்னும் சாவித்துவாரம் விழவில்லை என்றாலும், குண்டு தலையாட்டத் தொடங்கிவிட்டது.